மச்சான் வீட்டுக்குப் போன வாஷிங் மெஷின்

தன் வீட்டு வாஷிங் மெஷின் ஒரு மத்தியான வேளையில் யாரும் கை வைக்காமல் தானாகக் கிளம்பி, வாசலைத் தாண்டி, சாய்தளத்தில் இறங்கி, கீழ்வீட்டு மச்சானின் அழைப்பு மணியை அடித்து, அவர் கதவைத் திறந்ததும் உள்ளே போனது என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சொன்னபோது, முடிதிருத்துபவர் அவருடைய காதோரத்திலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். சிரிப்பு வரும்போது கையில் கத்தி இருப்பது தொழிலுக்கு ஆகாது.

"மணியெல்லாம் எதுக்குங்க அடிச்சுது? கதவைத் தட்டியிருக்கலாமே" என்றார் வரிசையில் காத்திருந்த ஒருவர்.

"கை இல்லையே, எப்படித் தட்டும்? யோசிச்சுப் பேசுங்க" என்றார் கண்டக்டர்.

"சரி, உள்ள போய் என்ன செஞ்சுது? ஒரு வாய் தண்ணி கேட்டுச்சா?"

"தண்ணி குடிச்சுட்டுத்தான் கிளம்பினதே. நம்பிக்கை இல்லேன்னா என் மச்சானைக் கேளுங்க."

மச்சானைச் சாட்சிக்கு இழுக்கிறார் என்றால் விஷயம் வேறு. அந்த மனிதர் எதையாவது ஒத்துக்கொண்டதாக அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

மச்சான், காப்பீட்டுக் கம்பெனிக்காக நஷ்டத்தைப் பார்வையிடும் சர்வேயர். எரிந்து சாம்பலான வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, "இங்க வீடு இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டவர். வெள்ளத்தில் காரைப் பறிகொடுத்தவரிடம், கார் கரையேற ஏதாவது முயற்சி எடுத்ததா என்று விசாரித்தவர். பிறந்த நிமிடத்தில் அழுவதற்குப் பதிலாக, தூக்கிப் பிடித்த நர்ஸை மேலும் கீழும் பார்த்தார் என்று அவருடைய தங்கையே சொல்வாள். அப்போது தங்கை பிறக்கவே இல்லை. அதனால் என்ன, சொல்வாள்.

உலகத்தில் எல்லாருடைய வீட்டு மணியும் தோள் உயரத்தில் இருக்கும். சர்வேயர் வீட்டு மணி மட்டும் இடுப்பு உயரத்தில். தோள் உயரத்தில் வைத்தால் வருகிறவர்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள், அது மணிக்கும் கெடுதல், ஒழுக்கத்துக்கும் கெடுதல் என்பது அவர் கட்சி. மணி அடிக்க வந்த வயதானவர்கள் இரண்டு பேர் குனிந்தபடியே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அவருடைய தங்கைதான் கண்டக்டரின் மனைவி. தையல்காரி. கந்தல் துணியையும் மடித்துத்தான் குப்பையில் போடுவாள். அண்ணன் கீழ்மாடி, தங்கை மேல்மாடி, நடுவில் சாமான் வண்டிகள் ஏறி இறங்குவதற்காகக் கட்டிய நீண்ட சாய்தளம். அது தங்கை வாசலில் தொடங்கி நேராக அண்ணன் வாசலில் முடியும். தினமும் சாயங்காலம் சர்வேயர் அதில் ஏறி வருவார். தங்கை போட்ட காபியைக் குடிப்பார். ஒருநாள் சூடு போதாது என்பார், ஒருநாள் சூடு அதிகம் என்பார், சில நாள் இரண்டும் என்பார். தங்கை பதிலுக்கு அவருடைய நாக்கு, மூக்கு, புத்தி மூன்றையும் வரிசையாகக் குறை சொல்வாள். அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு இருவரும் முகம் மலர்ந்து பிரிவார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காத டானிக் அது.

அதைக் கெடுத்தது வாஷிங் மெஷின். வாங்கும்போதே கிழட்டு மெஷின். துவைக்கும்வரை சாதுவாக இருக்கும். கடைசியில் துணியைப் பிழிவதற்காக வேகமாகச் சுற்றும்போது மட்டும் அதற்கு ஊர் சுற்றும் ஆசை வந்துவிடும். தடதடவென்று ஆடிக்கொண்டே நகரும். செங்கல்லை முட்டுக் கொடுத்தால் செங்கல்லையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு தடவை குளித்துவிட்டுத் துண்டோடு வந்த கண்டக்டரை வழிமறித்து, அவர் பக்கவாட்டில் ஒதுங்க, அதுவும் ஒதுங்க, அவர் மறுபக்கம் வர, அதுவும் வர, கடைசியில் அவர் கட்டிலைச் சுற்றி ஓடித் தப்பித்தார். இதைக் கண்டக்டர் சொன்னால் துண்டுகூட மெஷினுக்குப் பயந்து அவரை விட்டு ஓடியது என்பதுவரை சொல்வார்.

கீழே சர்வேயரின் மத்தியானத் தூக்கம் போயிற்று. நேராக மேலே வந்தார்.

"மாப்ள, தினமும் சோபாவை எதுக்கு இழுக்கிறீங்க?"

"சோபா இல்ல மச்சான். வாஷிங் மெஷின் நடக்குது."

"நடக்குது."

"ஆமா."

"எங்க போகுது?"

"அது சொல்றதில்ல."

சர்வேயர் தங்கையைப் பார்த்தார். "பாப்பா, உன் வீட்டுக்காரருக்கு எப்போலேர்ந்து இப்படி?"

"அவர் சொல்றது நிஜம்ண்ணா. நடக்குது."

"சரி, நடக்கச் சொல்லு."

நடக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை அவர் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு தடவையும் அது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல் தலை நிமிராமல் நின்றது. கண்டக்டர் அது நடப்பதை வீடியோ எடுத்துக் காட்டினார். "போன வாரம் ஒரு எருமை பல் விளக்குற வீடியோ பார்த்தேன். வாய் கொப்பளிச்சு வேற துப்புச்சு" என்றார் சர்வேயர். அதோடு பேச்சை நிறுத்தினார். தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே சோபாவை இழுக்கிறார்கள், கேட்டால் கதை கட்டுகிறார்கள், அதற்குக் கூடப்பிறந்தவளும் துணை என்று முடிவு கட்டினார். காபிக்கு வருவது நின்றது. நகரத்தின் அந்தக் கோடியில் வேறு வீடு பார்த்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. லாரியும் சொல்லியாயிற்று.

தங்கை சாயங்காலமானால் கைப்பழக்கத்தில் அண்ணன் பங்குக் காபியையும் போட்டு மேசைமேல் வைப்பாள். அது ஆறும். ஆறிய காபியை வீணாக்கக் கூடாது என்று கண்டக்டர் குடிப்பார். காபி பரவாயில்லை. அரைமணி நேரச் சண்டையும் அவர் தலையில்தான் விழுந்தது. அண்ணனுக்குச் சேர வேண்டியதை அவர் வாங்கிக்கொண்டிருந்தார், அதுவும் பாதியில் அவள் குரல் கம்மிப்போய் நின்றுவிடும். முப்பது வருஷம் பஸ்ஸில் கூட்டத்தைச் சமாளித்தவருக்கு அந்த மௌனத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை. லாரி வருவதற்குள் மச்சான் வாயிலிருந்து ஒரே ஒரு 'ஆமாம்' வந்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

அப்போதுதான் அறிவியல் விழா தெருவுக்கு வந்தது.

முன்காலத்து அறிவியல் விழா எப்படி இருக்கும் என்று கண்டக்டருக்கு ஞாபகம் உண்டு. பெரிய மண்டபம். மேசைக்கு மேசை ஒருவர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார். சோடா மாவு எரிமலை பொங்கும். ஜனங்கள் இலவசப் பேனாவை வாங்கிக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பிறகு திரைகள் வந்தன. கூடத்துக்குள் திமிங்கலம் நீந்தியது, அடுப்படியில் சனி கிரகம் சுற்றியது. திரையில் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று ஆன பிறகு எதைக் காட்டினாலும் ஒருவரும் நம்பவில்லை. நிஜ நிலாவைக் காட்டியபோதே "வரைஞ்சது நல்லாயிருக்கு" என்றார்கள். விழா நடத்துகிறவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எழுந்தபோது விழாவைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் விஞ்ஞானிகள் எதையும் காட்டக் கூடாது. தெருக்காரர்கள்தான் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் உங்களுக்கே புரியாதது எது, அதை எடுத்து வையுங்கள், விஞ்ஞானி வந்து உட்கார்ந்து பார்ப்பார். மூன்று தடவை கேட்டாலொழிய அவர் வாயைத் திறந்து விளக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு விஞ்ஞானியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். கேட்காமல் விளக்க ஆரம்பித்தால் பட்டை கிர்ரென்று அதிரும். முதல் வருஷத்தில் சில பேராசிரியர்கள் தேனீக்கூடு மாதிரி இரைந்துகொண்டே தெருவில் நடந்தார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. நம்புகிறவன் சாட்சி செல்லாது. ஒவ்வொரு அதிசயத்துக்கும் அதை நம்பாத ஒருவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அவருக்குச் சந்தேகக்காரர் என்று பட்டம். உயரமான நாற்காலி, மதியச் சாப்பாடு, முழங்கால்வரை தொங்கும் தடித்த கித்தான் கோட்டு எல்லாம் தருவார்கள். கடைசியில் அவர் எழுந்து நின்று, "என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னால்தான் அது கணக்கில் சேரும். சொல்லாவிட்டால் நீங்கள் வீட்டுக்குள் சூரியனையே உதிக்க வைத்திருந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கண்டக்டர் ஓடிப்போய் வாஷிங் மெஷினைப் பதிந்தார். சந்தேகக்காரர் என்ற இடத்தில் மச்சானைச் சொன்னார். விழா ஒருங்கிணைப்பாளர், எப்போதும் தூங்கி எழுந்தவர் மாதிரி முகம் உள்ள மனிதர், சர்வேயர் வீட்டுக்குப் போய்க் குனிந்து மணி அடித்தார்.

"இந்தத் தெருவுலயே நம்ப வைக்க ரொம்பக் கஷ்டமான ஆள் நீங்கதான்னு சொன்னாங்க" என்றார்.

"யார் சொன்னது? எத்தனை பேரை விசாரிச்சீங்க?" என்றார் சர்வேயர். ஆனால் முகம் பூரித்துவிட்டது. விழாவுக்கு மறுநாளே லாரி, இருந்தாலும் இப்படி ஒரு மரியாதையை யார் விடுவார்கள்.

விழா அன்று கண்டக்டர் வீட்டில் மூச்சு விட இடமில்லை. துணி துவைக்கும் மூலையில் நாற்காலி போட முடியாது என்று விழாக்காரர்கள் மெஷினைத் தூக்கிவந்து கூடத்து நடுவில் வாசலைப் பார்த்து வைத்தார்கள். தெருக்கோடிவரை போகிற மாதிரி ஒரு பெரிய ஒயர் சுருளைக் கொண்டுவந்து அதிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். குளியலறையிலிருந்து நீளக் குழாய் போட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். அடுத்த வீட்டுக்காரர், திட்டினால்தான் சுற்றும் மின்விசிறியைப் பதிந்திருந்தார். அதற்கும் மேல்மாடிக்காரர், பார்த்துக்கொண்டிருந்தால் பொங்காத பாலைப் பதிந்திருந்தார். ஆனாலும் கூட்டம் முழுவதும் இங்கேதான்.

விஞ்ஞானி இளவயதுப் பெண். ஆடுகிற, அதிர்கிற பொருள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். டாக்டர் என்று காதில் விழுந்ததும் நாலு பேர் முழங்கால்வலியைச் சொல்லிவிட்டார்கள்.

சர்வேயர் பனியனுக்குமேலேயே கித்தான் கோட்டை மாட்டிக்கொண்டு உயர நாற்காலியில் ஏறினார். கோட்டுப் பையில், சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புத் தூக்குக்குண்டு. தொழிலுக்குப் போகும்போது அது இல்லாமல் போகமாட்டார். கீழே இறங்கித் தரையைச் சோதித்தார், மெஷினுக்கு அடியில் கயிறு இருக்கிறதா என்று படுத்துப் பார்த்தார், சோபாவை முறைத்தார். தங்கையை மட்டும் பார்க்கவில்லை. அவளும் அடுப்படி வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரைட்" என்றார் கண்டக்டர். அந்தக் காலத்தில் அந்தக் குரலுக்கு எதிர்த் திசைப் பஸ்ஸும் கிளம்பும். மெஷின் கிளம்பியது.

துணியை அலசியது. தண்ணீரை வடித்தது. வேகம் எடுத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. மெஷின் வழவழவென்று, தூங்கும் பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டு, ஒரு நூல்கூட நகராமல் சுற்றி முடித்தது.

விஷயம் இதுதான்: முன்பின் தெரியாதவர்கள் வந்து கண்ணாடி வழியாக வீட்டுத் துணியைப் பார்க்கப் போகிறார்களே என்று, தையல்காரி பழைய துணியை எல்லாம் ஒளித்துவிட்டு, துவைத்து இஸ்திரி போட்ட நல்ல துணிகளாகப் பார்த்து எடுத்து, ஒரே அளவாக மடித்து, உருளைக்குள் வட்டமாக அடுக்கி வைத்திருந்தாள். மெஷின் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மரியாதையை அது பார்த்ததில்லை. எப்படி ஆடும்?

விஞ்ஞானிப் பெண்ணுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்த மாத்திரத்தில் காரணம் புரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. விஞ்ஞானியிடம் போய்க் கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாள் என்று ஆளாளுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மடித்த துணிகளைப் பார்த்தாள், கண்டக்டரைப் பார்த்தாள், "அந்தத் துணி" என்று ஆரம்பித்தாள். பட்டை கிர்ரென்றது. வாயை மூடிக்கொண்டாள். முகம் சிவந்தது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"அந்தப் பக்கம் கடைசிக் கதவும்மா. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம்" என்றார் கண்டக்டர் பரிவோடு.

சர்வேயர் நாற்காலியிலிருந்து இறங்கினார். "மாப்ள, வருத்தப்படாதீங்க. உங்க சோபாவை நான் குறை சொல்லல. நல்ல சோபா. இழுத்தா நகருது." கூட்டம் சிரித்தது. ஒருங்கிணைப்பாளர் கொட்டாவி விட்டுக்கொண்டு, "அடுத்து மின்விசிறி" என்றார். பாதிக் கூட்டம், திட்டுவதற்கு முண்டியடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

சர்வேயரும் போயிருப்பார். ஆனால் மேசைமேல் ஒரு காபி இருந்தது. கைப்பழக்கத்தில் போட்டு வைத்தது. அவர் அதைப் பார்த்தார். கையும் பழக்கத்தில் போய் எடுத்துவிட்டது. ஒரு வாய் குடித்தார். தங்கை சுவரை விட்டுத் திரும்பினாள்.

"நாளைக்குப் போறவருக்குக் காபி எதுக்கு?" என்றாள்.

"இதுக்குப் பேர் காபியா? வாய் கொப்பளிக்க வெச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"நாக்குச் செத்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"என் நாக்குக்கு என்ன?" என்று சர்வேயர் கையை வீசினார். அந்தக் கையில்தான் காபி இருந்தது. விழாவுக்குச் சொந்தமான கித்தான் கோட்டின் முன்பக்கம் முழுவதும் வழிந்தது.

துணியில் கறையைப் பார்த்தால் தையல்காரிக்கு அண்ணனும் தெரியாது, ஆண்டவனும் தெரியாது. "கழட்டு" என்றாள். சர்வேயர் இன்னும் யோசிப்பதற்குள் கோட்டு அவர் உடம்பில் இல்லை. மெஷினில் இருந்த நல்ல துணிகளை அள்ளி வெளியே எறிந்தாள், மடிக்காமல். அதிலிருந்தே அவள் கோபத்தைப் புரிந்துகொள்ளலாம். பையைக்கூடப் பார்க்காமல் கோட்டைச் சுருட்டி உள்ளே திணித்து, தண்ணீர் பிடித்து, பொத்தானைக் குத்தினாள். பனியனோடு நின்ற சர்வேயர், ஒரு கௌரவமான சந்தேகக்காரர் இப்படி நாலு பேர் முன்னால் நிற்கக் கூடாது என்று சட்டை மாற்றக் கீழே தன் வீட்டுக்குப் போனார்.

கண்டக்டர் சோபாவில் சரிந்தார். "எல்லாம் போச்சு" என்றார். விஞ்ஞானிப் பெண் மட்டும் மெஷின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே, தண்ணீரை உறிஞ்சி யானைக்குட்டி எடைக்கு ஊறிப்போன ஒற்றைக் கோட்டு, பையில் இரும்புக் குண்டோடு, ஒரே பக்கமாக விழுந்து கிடந்தது. அவளுடைய பட்டை, அவள் வாயே திறக்காதபோதும், லேசாக அதிர ஆரம்பித்தது.

வேகம் எடுத்தது. முதல் உதையில் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் திரும்பிக்கொண்டது. இரண்டாவதில் மெஷின் அரையடி எம்பி, வாசலைப் பார்த்து இறங்கியது. பிறகு அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க் குழாய் கழன்று வால் மாதிரி பின்னால் இழுபட, தடதடவென்று வாசற்படியைத் தாண்டியது. பக்கத்து வீட்டில் மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் கெட்ட வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"பிடிங்க, பிடிங்க" என்று நாலு பேர் பாய்ந்தார்கள்.

கண்டக்டர் சோபாவிலிருந்து ஒரே தாவு. பஸ் படிக்கட்டில் கூட்டத்தை மறிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "ஒருத்தர் விரல் படக் கூடாது. விரல் பட்டா தள்ளிவிட்டோம்னு சொல்லிடுவார்."

"ஏங்க, சரிவுல விழுந்து நொறுங்கிடும்ங்க. சுவிட்ச அணைங்க" என்றாள் மனைவி.

"நொறுங்கினா கையால துவைக்கிறேன். சாகுற வரைக்கும் நானே துவைக்கிறேன்."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தன் கைக்குட்டையைக்கூட நனைத்ததில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் தானும் கையை விரித்து நின்றாள்.

மெஷின் சாய்தளத்தில் இறங்கியது. என்ன வேகம் என்கிறீர்கள், காலை நடைக்குக் கிளம்பிய சுறுசுறுப்பான பென்ஷன்காரர் வேகம். குட்டிக் குட்டி எட்டாக எடுத்து வைத்து, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போயிற்று. சட்டைப்பையில் இன்றைக்கும் வைத்திருக்கும் விசிலை எடுத்து ஊதிக்கொண்டு கண்டக்டர் பின்னால் போனார். "வழி விடுங்க. நடுவுல நிறுத்தம் கிடையாது." சாய்தளத்தில் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு சாமான் வண்டிக்காரர், எதிரில் வருவதைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அதற்கு வணக்கம் வைத்தார்.

மேலே ஒயர் சுருள் கறகறவென்று சுற்றியது. "ஒயர் தீருது" என்று யாரோ கத்தினார்கள். மச்சான் வாசலுக்கு இன்னும் கொஞ்ச தூரம். சுருளில் கடைசி வளையம் அவிழ்ந்தது. ஒயர் தரையை விட்டு எழும்பி நேராயிற்று. மெஷின் கடைசியாக ஒரு எம்பு எம்பி, சுவரோரமாகப் போய்ச் சாய்ந்தது. அதன் மேல்விளிம்பு பொருந்திய இடம், உலகத்திலேயே இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரே அழைப்பு மணி.

மணி சாதாரணமாக அடிக்கவில்லை. ட்ர்ர்ர்ர், ட்ர்ர்ர்ர், ட்ர்ர்ர்ர் என்று அவசரத் தந்திக்காரன் மாதிரி அடித்தது.

"வர்றேன், வர்றேன். மணியில முழங்கையை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவு திறந்தது. பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு சர்வேயர் நின்றார். எதிரே வாஷிங் மெஷின் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை. வெகுதூரம் தள்ளி, சரிவின் பாதியில், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மொத்தத் தெருவும் நின்றது.

மெஷின் ஒரு எட்டு எடுத்து வைத்தது. சர்வேயர் ஒரு எட்டு பின்வாங்கினார். என்னதான் இருந்தாலும் வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்கும் மனிதர் இல்லை அவர். "வாங்க" என்று அவர் வாய் தானாகச் சொல்லி, உடம்பு தானாக ஒதுங்கி வழி விட்டது. மெஷின் வாசற்படியைத் தாண்டியது. ஒயர் பிடுங்கிக்கொண்டது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அது நின்றது.

சர்வேயர் தொழிலில் இறங்கினார். பின்னால் போய்ப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். காற்றில் கையை வீசிக் கண்ணுக்குத் தெரியாத நூல் இருக்கிறதா என்று தேடினார். "என் குண்டு எங்க? தரை சரிவை அளக்கணும்" என்று இல்லாத கோட்டின் பையைத் தடவினார். அந்த நேரம் பார்த்து மெஷினின் கதவு கிளுக்கென்று தானாகத் திறந்தது. கறை போன கோட்டு வெளியே வழிந்தது. பையிலிருந்து தூக்குக்குண்டு உருண்டு வந்து அவர் கால் கட்டைவிரலில் இடித்து நின்றது.

"அண்ணா, உன் கோட்டு" என்றாள் தங்கை வாசலிலிருந்து.

சர்வேயர் குண்டைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "எப்படி?" என்றார், சுவரைப் பார்த்து.

விஞ்ஞானிப் பெண் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒண்ணு" என்றார் ஒருங்கிணைப்பாளர், இப்போது நன்றாக விழித்துக்கொண்டு.

"எப்படின்னேன்."

"ரெண்டு."

சர்வேயருக்கு வியர்த்தது. வாழ்நாளில் அவர் அடுத்தவர்களைக் கேட்டதெல்லாம் மடக்குவதற்காக. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது இதுவே முதல் தடவை. தொண்டை அதற்குப் பழகியிருக்கவில்லை. "எப்படிம்மா வந்துச்சு இது?" என்றார் சன்னமாக.

பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "துணி சமமா பரவியிருந்தா மெஷின் ஆடாதுங்க, அவங்க மடிச்சு வட்டமா அடுக்கியிருந்தாங்க, அதான் அப்போ நின்னுச்சு, இப்போ எல்லா எடையும் ஒரே பக்கம், அது மேல வர்றப்போ மெஷினையே தூக்குது, கால் தரையை விட்டு லேசா கிளம்புது, பக்கத்துல வர்றப்போ அந்தப் பக்கமா இழுக்குது, கால் பதியறதுக்குள்ள ஒரு எட்டு, இப்படி ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எட்டு, சரிவு கிடைச்சதும் கீழ்நோக்கியே எட்டு வைக்குது, முன்னாடி ரெண்டு தடவை நீங்க பார்த்தப்பவும் நகரலன்னாங்களே, அப்போ என்ன துணி போட்டிருந்தாங்க?"

"அண்ணன் வர்றாரேன்னு நல்ல துணியா மடிச்சுப் போட்டேன்" என்றாள் தங்கை.

சர்வேயர் அவளைப் பார்த்தார், அத்தனை நாள் கழித்து நேராக. "எனக்காகவா?"

"வேற யாருக்காக? உனக்குத்தான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கணுமே."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். ஒருங்கிணைப்பாளர், "ஐயா, கேள்வி கேட்டா மட்டும் கணக்குல சேராது. எழுந்து நின்னு வாக்கியம் சொல்லணும்" என்றார்.

சர்வேயர் நின்றுகொண்டுதான் இருந்தார். இருந்தாலும் ஒரு அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து, முறைப்படி எழுந்தார். தங்கை ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டிய புதுக் காபியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கூட்டம் காத்திருந்தது. மெஷின்கூடக் காத்திருந்தது என்றுதான் கண்டக்டர் இன்றைக்கும் சொல்கிறார்.

"மாப்ள, அந்த லாரிக்காரனுக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் முதலில். பிறகு இன்னொரு தடவை செருமிக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். யாரும் தள்ளல, தானா வந்துச்சு, மணி அடிச்சுச்சு, நானே கதவைத் திறந்து வாங்கன்னேன். இந்தக் காபியில மட்டும் சர்க்கரை போதாது."